பேப்பர் போடாத பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் பரண்மேலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினாள். ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம், மூடி கிடையாது. வெளியே வேப்பம்பலகையின் பழுப்பு. உள்ளே மட்டும் தார் பூசியதுபோல் கன்னங்கறுப்பு. கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோகும் சாமான்களைக் கூடம் முழுக்கப் பரப்பியிருந்தாள். சீப்பு, கிளிப்பு, சோப்பு, தைலம் என்று உருண்டோடும் சில்லறைகளையெல்லாம் ஒரே இடத்தில் அடைக்க இந்தப் பெட்டி தோதாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். “இத நான் எடுத்துக்கட்டுமாம்மா” என்றாள். “அது வேணாம், கீழ வை” என்றேன். நான் சொன்ன வேகம் எனக்கே அதிகமாகப் பட்டது. அவள் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு வரி சொன்னாள். பதினொரு வருடமாக யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த விஷயம் அவளுக்குத் தெரியும் என்பது அந்த ஒரு வரியில் விளங்கிவிட்டது.

அந்த வரி என்ன என்று சொல்வதற்கு முன்னால் என் மூத்த ஓரகத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். பெரம்பலூரில் நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் கீழும் மேலுமாக ஒரு வீடு. கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நாங்கள். பத்து வருடம் அப்படி இருந்தோம். அந்தப் பத்து வருடத்தில் நான் அவரைப் பார்த்து வயிறெரியாத நாட்களை எண்ணினால் இரண்டு கை விரல்களே அதிகம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி நல்லவர், தங்கமானவர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது இன்னொரு பொய்யாகிவிடும். நான் சொன்ன பொய்கள் ஏற்கெனவே போதும்.

எனக்கு அரியலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் திரும்ப ஆறரை ஆகும். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் மாட்டிக்கொண்டால் ஏழு. மகள் பள்ளிவிட்டு நாலு மணிக்கு வந்துவிடுவாள். அப்போதிலிருந்து நான் வரும்வரை அவள் கீழ்வீட்டுப் பிள்ளை. அக்காவுக்கு இரண்டு பையன்கள். இருவரும் பெரிய வகுப்பு, சாப்பாட்டு நேரம் தவிர வீட்டில் தங்குவதில்லை. அதனால் அவருடைய கவனம் முழுக்க என் மகளுக்குக் கிடைத்தது. நான் கேட்டைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் செருப்பைக் கழற்றும்போது “இன்னும் கொஞ்ச நேரம்மா” என்று ஒரு குரல் வரும். மாடிக்கு வந்தபிறகு, பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்பேன். சொல்வதற்கு எல்லாம் கீழேயே சொல்லித் தீர்ந்திருக்கும். எனக்கென்று “ஒண்ணுமில்ல” என்கிற சொல்தான் மிச்சமிருக்கும்.

ஆனால் பொறாமை தொடங்கியது மகளால் அல்ல, ரோஜாவால். வீட்டின் பின்பக்கம் கொஞ்சம் காலியிடம். கரிசல் மண். மழை பெய்தால் காலை உறிஞ்சும் சேறு, வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிப்பு. ரோஜா வேருக்கு இரண்டுமே ஆகாது. நான் கல்யாணமாகி வந்த வருடம் வண்டிக்காரரிடம் ஒரு பன்னீர் ரோஜாச் செடி வாங்கி நட்டேன். இருபது நாளில் செத்தது. இன்னொன்று வாங்கினேன், அது ஒரு மாதம் இருந்தது. அதே காலியிடத்தின் மறுபக்கம் அக்காவின் செடிகள் ஆறு, இடுப்பளவு வளர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றன. அவர் பிறந்த ஊர் செட்டிகுளம். அங்கே சின்ன வெங்காயம்தான் எல்லாம். ஊரிலிருந்து மூட்டை வெங்காயம் வரும். அந்தத் தோலையெல்லாம் ஒரு பானையில் ஊறப்போட்டு, அந்தச் செந்நிறத் தண்ணீரை வாரம் ஒருமுறை செடிக்கு ஊற்றுவார். குழியில் பாதிக்கு மணல் கலந்திருந்தார். இதையெல்லாம் நான் வேவு பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவரே கூப்பிட்டுச் சொன்னார், பானையைத் தூக்கிக் கையில் கொடுத்தார். மறைத்து வைத்திருந்தால் கோபித்துக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அந்த வசதியைக்கூட அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

சில வருடம் கழித்து நட்ட மூன்றாவது செடி பிழைத்தது. நான்கு மாதம் கழித்து ஒரு மொட்டு விட்டது. அந்த மொட்டை நான் பார்த்துக்கொண்டதுபோல் என் மகளைக்கூடக் கைக்குழந்தையில் பார்த்துக்கொண்டதில்லை என்று என் கணவர் கேலி செய்வார். ஒரு வெள்ளிக்கிழமை காலை பாதி விரிந்திருந்தது. மாலை வந்து பறித்து, சாமிக்குப் பாதி எனக்குப் பாதி என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாலை வந்தபோது செடியில் காம்பு மட்டும் இருந்தது. பூ அக்காவின் கொண்டையில் இருந்தது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. “பெரியம்மாவுக்கு நான் வச்சு வுட்டேன்” என்று குதித்தாள். அக்கா பதறிப்போய்ப் பூவை எடுத்து நீட்டினார். “உன் செடின்னு தெரியாது தங்கச்சி, எந்தச் செடின்னு பாக்காம தலைய குனிஞ்சிட்டேன்” என்றார். பரவாயில்லை என்று சிரித்தேன். மாடிக்குப் போய் முகம் கழுவும் சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவருடைய ஆறு செடிகளில் அன்று முப்பது பூ இருந்திருக்கும். என்னுடைய ஒன்றையும் என் பெண்ணே பறித்துக்கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள்.

பிள்ளை வளர்ப்பில் நான் செய்த கூத்துகளும் ஒன்றா இரண்டா. பள்ளியில் போட்டோ எடுக்கும் நாளுக்கு முந்தின மாலை, நெற்றி முடியை அழகாக வெட்டுகிறேன் என்று இறங்கி, இடது பக்கம் ஏறிப்போக, சரி செய்ய வலது பக்கம் ஏற்ற, கடைசியில் புருவத்துக்கு மேலே நாலு விரல் இடம் பொட்டலாகிவிட்டது. அக்காதான் கொண்டை ஊசிகளை வைத்து முடியை மேலே தூக்கிக் குத்தி, பூச்சரத்தால் மறைத்து அனுப்பினார். இன்னொரு முறை, விடுமுறை அறிவித்த சனிக்கிழமை பிள்ளையைச் சீருடை போட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். பூட்டிய கேட்டின் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தவளைக் கூட்டி வந்ததும் அவர்தான். ஒரு நாள் சாப்பாட்டுப் பாத்திரம் மாறி, அவளுடைய தயிர்சாதம் என்னோடு அரியலூர் போய்விட, என்னுடைய கருவாட்டுக் குழம்பு ஒன்றாம் வகுப்பில் திறந்தது. ஒவ்வொரு தடவையும் நான் வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் சரி செய்யப்பட்டிருக்கும். “வேலைக்குப் போறவ, அவளுக்கு எத்தன ஞாபகம்தான் இருக்கும்” என்று என் கணவரிடம் எனக்காகப் பேசவும் செய்வார். அந்தப் பரிவு எனக்குச் சுள்ளென்று இருக்கும். மாமியார் இருந்து திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

மகளுக்கு ஏழு வயது நெருங்கிய சமயம் அக்கா சோப்பு செய்யத் தொடங்கினார். விற்கவெல்லாம் இல்லை. பூத்த ரோஜா வீணாகிறதே என்று ஆரம்பித்த பொழுதுபோக்கு. பெரிய மகனின் போனில் வீடியோ பார்த்து, ஒரு நோட்டில் அளவு எழுதிக்கொண்டார். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், அப்புறம் காஸ்டிக் சோடா. அந்தச் சோடா தண்ணீரில் விழுந்தால் புகை வரும், மேலே தெறித்தால் தோல் வெந்துவிடும். அதனால் சோப்பு போடும் நாளில் என் மகளை மாடிக்கு அனுப்பி, கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு, கையில் ரப்பர் உறையும் தலையில் தன் கணவரின் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டுதான் உட்காருவார். சேலை கட்டி, ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டு, துடுப்புக் கரண்டியால் வாளியைக் கிண்டும் அந்தக் காட்சியை மாடி ஜன்னலிலிருந்து நானும் மகளும் பார்ப்போம். மகள் கைகொட்டிச் சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

முதல் ஈடு சோப்பில் ரோஜா இதழ்களைப் போட்டார். எல்லாம் வெல்லப்பாகு நிறத்துக்குப் பழுத்துவிட்டன. சிவப்பாக வரும் என்று எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது, முகம் விழுந்துவிட்டது. எனக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது. ஆனால் சோப்பு நன்றாகத்தான் இருந்தது. பழைய டிபன் டப்பாக்களில் ஊற்றி, வெட்டி, நிழலில் நாற்பது நாள் காயவைத்துத்தான் எடுப்பார். அதற்குள் யார் கேட்டாலும் தரமாட்டார். “புள்ள பெத்தவளுக்கும் நாப்பது நாளு, சோப்புக்கும் நாப்பது நாளு” என்பார். தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தார். எல்லோரும் புகழ்ந்தார்கள். என் மகள் குளித்துவிட்டு வந்தால் அவளிடம் கீழ்வீட்டு வாசனை அடித்தது. பிள்ளையின் கழுத்தில் முகம் புதைத்தால் ஒரு தாய்க்கு வேறொருத்தியின் வாசனை வந்தால் எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கடையில் வாங்கிய சோப்பு ஒன்றைக் குளியலறையில் வைத்தேன். அது பிரிக்காமலே கிடந்தது.

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. டப்பாவில் ஊற்றினால் சோப்பு கோணலாக வருகிறது என்று, தச்சரிடம் சொல்லி வேப்பம்பலகையில் ஒரு பெட்டி செய்து வாங்கினார் அக்கா. அதில் சோப்பு ஒட்டாமல் இருக்க, கேக்குக்கு அடியில் போடும் வழவழப்பான பேப்பரை விரித்து அதன்மேல் ஊற்ற வேண்டுமாம். பெட்டியைக் கொல்லையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், “நம்ம வூட்டுக் கரையானுக்கு இது எத்தன நாளைக்குத் தாங்குமோ” என்றார். அவருக்கு ஒரு விஷயம் தெரியாமல் இருந்து எனக்குத் தெரிந்திருந்தது, அந்தப் பத்து வருடத்தில் அதுதான் முதல் தடவை.

என் ஊர் உடையார்பாளையம். எங்களுக்கு முந்திரி. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து கறுப்பாக ஒரு எண்ணெய் வடியும். எங்கள் பக்கம் கதவு நிலை, ஜன்னல், கட்டில் கால் எல்லாவற்றுக்கும் அதைத்தான் பூசுவார்கள், கரையான் அண்டாது. மாடி நிலைக்குப் பூசுவதற்காக என் அம்மா கொடுத்தனுப்பிய எண்ணெய் அரை பாட்டில் என்னிடம் இருந்தது. “கையில பட்டா தோலு உரிஞ்சிரும், கோணியில தொட்டுப் பூசு” என்று அம்மா சொல்லியிருந்தார். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் காய்ந்துவிட்டால் ஒன்றும் செய்யாது என்றும் நினைத்திருந்தேன். நாங்கள் அந்தக் கதவுகளைத் தொட்டுத்தானே வளர்ந்தோம்.

“எங்க ஊரு எண்ணெய் பூசித் தரேங்கக்கா, அம்பது வருசத்துக்குக் கரையான் கிட்ட வராது” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “இப்படியெல்லாம் இருக்குன்னு சொல்லவே இல்லியே நீ” என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கோணியில் தொட்டு உட்பக்கம் இரண்டு தடவை பூசி, நாலு நாள் வெயிலில் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பேப்பரை எடுத்து அளந்து வெட்டப் போனார். “பேப்பரே வேணாங்கக்கா. எங்க ஊரு எண்ணெய் பூசின கட்டையில எதுவும் ஒட்டாது” என்றேன். யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. நம் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வோமே என்று வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அவர் நம்பினார். பேப்பரை மடித்துத் திரும்ப வைத்தார்.

மகளின் பிறந்தநாளுக்கென்று கணக்காகப் போட்ட ஈடு அது. நாற்பது நாள் ஆனதும் சரியாக அந்த நாள் வந்தது. பெரியம்மாதான் குளிப்பாட்ட வேண்டும் என்று மகள் அடம் பிடித்தாள். நான் துண்டை வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தமும் இருவரும் ஏதோ பாடும் சத்தமும் கேட்டன. என் பிள்ளையின் பிறந்தநாளில் நான் கதவுக்கு வெளியே நிற்கிறேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் மாலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது வீட்டில் சிரிப்புச் சத்தம் இல்லை. மகளின் முகம் வீங்கி இரண்டு கண்ணும் கோடாகச் சுருங்கியிருந்தன. கன்னத்திலும் கழுத்திலும் கையிலும் கொப்புளம். அக்கா அவளை மடியில் போட்டு, ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். அவர் விரல் நுனிகளிலும் தோல் உரிந்திருந்தது. “சோடா கூடிருச்சு போலருக்கு தங்கச்சி. அளவு பாத்துதான் போட்டேன், எங்க தப்புனேன்னு தெரியல” என்றார்.

எட்டு வருடமாகத் திறக்காத வாய் அன்று திறந்தது. “உங்க வெளையாட்டுக்கு எம்புள்ளதான் கெடச்சாளா? ஒங்க புள்ளைங்கள குளிப்பாட்டிப் பாத்துருக்க வேண்டியதுதான” என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். மகளை மடியிலிருந்து பிடுங்காத குறையாகத் தூக்கினேன். உண்மையைச் சொன்னால், பிள்ளையின் முகத்தைப் பார்த்த பயத்தோடு கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. அவரும் தப்பு செய்துவிட்டார், எல்லோரும் பார்க்கும்படியாகச் செய்துவிட்டார் என்கிற சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் டாக்டரின் அறைவரைதான் வந்தது. வயதான டாக்டர். மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வூட்ல முந்திரி எண்ணெய் ஏதும் பொழங்குறீங்களாம்மா” என்று கேட்டார். “உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்கு இந்த மாதிரி பாத்துருக்கேன். உங்களுக்கு எந்த ஊரு?” அந்தக் கறுத்த பெட்டியும், மடித்துத் திரும்ப வைக்கப்பட்ட பேப்பரும் கண்ணுக்குள் வந்தன. “பெரம்பலூர்தாங்க” என்றேன். “எண்ணெயெல்லாம் இல்லைங்க. சோப்புலதான் ஏதோ ஆயிருச்சு.” எந்த ஊர்ப் பெருமையைப் பேசி இந்த வினையை இழுத்துவிட்டேனோ, அந்த ஊரே எனக்கு இல்லை என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டேன். மகள் வீங்கிய கண்ணால் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வலிக்கிறது போலும் என்று எண்ணி அணைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கேட்டருகே நின்றிருந்தார். “டாக்டர் என்ன சொன்னாரு” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கேட்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் பத்தடிதான். “சோப்புதான்னு சொல்லிட்டாரு” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் மிச்சமிருந்த சோப்பு அத்தனையையும் குப்பை வண்டியில் போட்டார். நோட்டைக் கிழித்தார். ஹெல்மெட் பழையபடி ஆணிக்குப் போனது. பெட்டியையும் போடப்போனவரிடம், “குடுங்க, நான் வச்சுக்கறேன்” என்று வாங்கிக்கொண்டேன். வண்டிக்காரர் கையில் எரிந்து அவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற பயம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. மாடி நிலைக்கு மிச்சமிருந்த எண்ணெயைக் குழி தோண்டி ஊற்றினேன்; பெட்டி பரணுக்குப் போனது.

மகளின் முகம் மூன்று வாரத்தில் தெளிந்தது. காதுக்குக் கீழே மட்டும் கொஞ்ச நாள் ஒரு கருமை இருந்தது. நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது. மாலையில் அவளை டியூஷனில் விட்டேன். அக்கா கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். நான் வரும்போது மகள் மாடியில் என் வீட்டில் இருந்தாள், கடையில் வாங்கிய சோப்பில் குளித்தாள். ஆனால் என்னிடம் சொல்வதற்கு அவளுக்கு அதே “ஒண்ணுமில்ல”தான் இருந்தது. இரண்டு மூன்று மாதத்தில் அவளாகவே மெல்லக் கீழே போகத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டிவரும். ஆனால் அந்த வீட்டில் மறுபடி சோப்பு மட்டும் போடவில்லை. போடச்சொல்லி மகள் கேட்டபோது, “பெரியம்மாவுக்கு அது சரிப்பட்டு வராதுடி” என்று அவர் சொன்னதை நான் படியில் நின்று கேட்டேன்.

இரண்டு வருடத்தில் அக்காவின் கணவருக்கு மாற்றலாகி அவர்கள் அரியலூர் போனார்கள். ரோஜாச் செடிகள் ஆறும் எனக்கு. பானையோடு கொடுத்துவிட்டுப் போனார். அவர் வீடு என் அலுவலகத்திலிருந்து இரண்டே தெரு. இந்த ஒன்பது வருடமாக பஸ் நிலையத்துக்கு நான் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். பொங்கல், கல்யாணம், காதுகுத்து என்று பார்த்துக்கொள்வோம். பிள்ளைகளைப் பற்றி விசாரிப்போம். செட்டிகுளத்து வெங்காயம் எனக்கும் ஒரு பை வந்துவிடும். செடிகளில் நான்கு போய்விட்டன. மிச்சம் இரண்டை மகள் பார்த்துக்கொண்டாள். எப்படி இவ்வளவு நன்றாகப் பூக்கிறது என்று ஒருமுறை கேட்டபோது, பெரியம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டுச் செய்வதாகச் சொன்னாள். வாரா வாரம் பேசிக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல், இடம் மாறாமல் அதே இடத்தில் எரிந்தது.

இனி அந்த ஒரு வரி. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் மகள் சொன்னது இதுதான்: “தெரியும்மா. உள்ள பேப்பர் போட்டுத்தான் வச்சுக்குவேன்.”

“யாரு சொன்னா” என்றேன். அவள் பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து விரித்துக்கொண்டே சொன்னாள். “டாக்டர் கேட்டப்ப நீ பெரம்பலூர்தான்னு சொன்னியே. அம்மாயி வூடு உடையார்பாளையம்தானே, அம்மா ஏன் இப்படி சொல்லுதுன்னு எனக்குப் புரியல. பெரியம்மாகிட்ட போயி டாக்டர் கேட்டது, நீ சொன்னது எல்லாத்தையும் சொல்லிக் கேட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“பெட்டிக்குப் பூசின எண்ணெயாத்தான் இருக்கும்னாங்க. அப்புறம், அம்மா பயந்துபோயி சொல்லியிருப்பா, அவளே ஒரு நாளு சொல்லுவா, நாம கேக்கக் கூடாதுன்னாங்க. அதான் கேக்கல.”

அப்படியென்றால் இரண்டு வருடம் அதே வீட்டில், என் காலடிச் சத்தத்துக்குக் கீழே, அவர் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறார். மறுபடி சோப்பு போடாததன் காரணமும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. போட்டிருந்தால் சோப்பு நன்றாக வந்திருக்கும். சோப்பில் தப்பில்லை என்றால் தப்பு எங்கே என்று வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வி என்மேல் வந்து விழாமல் இருக்கத்தான் தனக்குச் சரிப்பட்டு வராது என்று சொல்லியிருக்கிறார். அரியலூர் போனபிறகு திரும்பவும் போடுகிறார் என்று மகள் சொன்னாள். விடுதிக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த சோப்பை அப்போதுதான் பார்த்தேன். செய்தித்தாளில் சுற்றிய நான்கு கட்டிகள். ஒன்றைப் பிரித்தேன். வெல்லப்பாகு நிறத்தில் ரோஜா இதழ்கள்.

பெரிய மனுஷி என்று அவரைக் கும்பிட்டுவிட்டு முடித்திருந்தால் இந்தக் கதை அழகாக இருக்கும். எனக்கு முதலில் வந்தது கும்பிடு அல்ல. பதினொரு வருடம் இவர்கள் இருவரும் சேர்ந்து எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். என்னைப் பற்றிய ரகசியத்திலும் அவர்கள் இருவரும் உள்ளே, நான் துண்டோடு வெளியே. அந்தக் காத்திருப்பின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. வந்ததை மறைக்கவில்லை. “நீயாவது என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்லடி” என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். டாக்டரின் அறையில் பார்த்த அதே பார்வை; வீக்கம்தான் இல்லை. “நீ சொல்லுவேன்னு நானும் நெனச்சேன்மா” என்றாள்.

நான் போனை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். “என்ன தங்கச்சி, காலையிலயே? புள்ளைக்கு எல்லாம் எடுத்து வச்சாச்சா” என்றார். சுற்றி வளைத்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். “அக்கா, அந்தப் பெட்டிக்கு நான் பூசின எண்ணெய்தாங்க்கா. சோப்பு இல்ல. பேப்பர் வேணாம்னு சொன்னதும் நான்தான். டாக்டர் அப்பவே கேட்டாரு. அவருகிட்டயும் பொய் சொன்னேன், உங்ககிட்டயும் பொய் சொன்னேன்” என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரத்தில் உரசிக்கொண்டிருந்த கரண்டியின் சத்தம் நின்றது. “இரு தங்கச்சி, அடுப்புல பாலு இருக்கு. எறக்கி வச்சுட்டு வரேன். போன வச்சிராத” என்றார். மகள் தரையில் உட்கார்ந்து, செய்தித்தாளின் மூலைகளை மடித்து, கறுப்பு தெரியாமல் பெட்டிக்குள் அழுத்திக்கொண்டிருந்தாள். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அவர் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தேன்.